லப்டொப்பில் வேண்டாததைத் துடைப்பதும் லினக்ஸுக்கு மாறுவதும்: புதியவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் ஸ்ரான்லி வீதியிலோ கஸ்தூரியார் வீதியிலோ ஒரு லப்டொப்பை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால், நீங்கள் கேட்காத மென்பொருள்கள் ஏற்கெனவே உள்ளே ஏறியிருக்கும். ஒரு மாதம் இலவசமாக ஓடிவிட்டு அப்புறம் காசு கேட்கும் அன்ரிவைரஸ், ஹோட்டல் பதிவு செய்யும் தளத்துக்கு ஒரு குறுக்குவழி, ஒரு விளையாட்டுக் கடை, லப்டொப் கம்பனி தானே போட்ட 'உதவியாளர்' இரண்டு மூன்று, ஸ்டார்ட் மெனு நிறைய நீங்கள் ஒருநாளும் தொடாத செயலிகள். ஏ.எல் படிக்கிற பிள்ளைக்கு என்று கடன்பட்டு வாங்கிய மெஷின், ஒரு சூம் வகுப்பையும் ஒரு பிடிஎஃபையும் ஒன்றாகத் திறந்தால் திணறுகிறது என்றால் அதற்கு இதுகளும் காரணம்.

இவற்றை எப்படித் துடைப்பது, துடைத்தும் சரிவராவிட்டால் லினக்ஸுக்கு, அதாவது விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளத்துக்கு, எப்படி மாறுவது என்று, இதுவரை இந்த வேலையைத் தொட்டே பார்க்காத ஆட்களுக்காக எழுதுகிறேன். முதலே ஒன்று: அவசரப்பட்டு விண்டோஸை அழிக்க வேண்டாம். முதலில் துடைத்துப் பாருங்கள், பிறகு லினக்ஸைப் பென்டிரைவில் வைத்து ஓட்டிப் பாருங்கள், பிடித்திருந்தால் மட்டும் ஏற்றுங்கள். இந்த ஒழுங்கில் போனால் ஏற்றும் வரை எந்த இடத்திலும் திரும்பி வரலாம்.

இதுகள் எப்படி உள்ளே வருகின்றன

லப்டொப் விற்பதில் கம்பனிக்கு நிற்கும் இலாபம் குறைவு. அதனால் அன்ரிவைரஸ் கம்பனிகளும் மற்றவர்களும் காசு கொடுத்துத் தங்கள் மென்பொருளை முன்கூட்டியே ஏற்றுவிக்கிறார்கள். 2008 இல் சோனி தன் வயோ லப்டொப் சிலவற்றில் இவற்றைப் போடாமல் தருவதற்கு 50 டொலர் கேட்டது, எதிர்ப்பு வந்த கையோடு அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது. வாங்குகிற ஆளுக்கு இது தொல்லை என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

வேகம் குறைவது மட்டும்தான் பிரச்சினை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். 2014 செப்டெம்பரில் இருந்து விற்ற லெனோவோ லப்டொப் சிலவற்றில் சூப்பர்பிஷ் என்றொரு விளம்பர மென்பொருள் இருந்தது. அது விளம்பரம் காட்டுவதற்காக, பாதுகாப்பான இணையத்தளங்களுக்கும் உங்களுக்கும் நடுவில் புகுந்து, தன்னுடைய சொந்தச் சான்றிதழைக் கணினிக்குள் நட்டு வைத்தது. அந்தச் சான்றிதழின் இரகசியச் சாவி எல்லா மெஷினிலும் ஒன்றே. ஊரில் உள்ள எல்லா வீட்டுப் பூட்டுக்கும் ஒரே திறப்பு என்பது போல. அந்தச் சாவியைக் கண்டுபிடித்த எவரும் உங்கள் வங்கித் தளம் போல நடிக்க முடியும். 2015 பெப்ரவரியில் இது வெளியே வந்து பெரிய பிரச்சினையாகி, கடைசியில் 2017 இல் லெனோவோ அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவோடு உடன்பாட்டுக்கு வந்தது. விளம்பரத்துக்காகப் போட்ட ஒரு சின்ன மென்பொருள் இவ்வளவு தூரம் போகும் என்பதால்தான் துடைக்கச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு அடுக்கும் உண்டு, என் கணிப்பில் அதுதான் மற்ற இரண்டையும் விட மோசம். விலை குறைந்த லப்டொப் பல டொஸ் உடன் மட்டும் வருகின்றன, அதாவது விண்டோஸ் உரிமம் அவற்றின் விலையில் சேரவில்லை. "அண்ணை, எல்லாம் போட்டுத் தாங்கோ" என்று நாங்களே கேட்கிறோம், கடைக்காரரும் கிராக் செய்த, அதாவது உரிமம் இல்லாமல் ஓட வைத்த விண்டோஸ், கிராக் செய்த ஒஃபிஸ் எல்லாம் ஏற்றித் தருகிறார். அந்தக் கிராக் ஓடுவதற்காகவே விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பை நிறுத்தி வைப்பார்கள். யார் எழுதியது என்றே தெரியாத ஒரு நிரல், முழு நிர்வாக அதிகாரத்தோடு உங்கள் மெஷினில், நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கிற அதே மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும்.

உங்களுடையது எந்த வகை என்று பார்க்க வழி உண்டு. செட்டிங்ஸ், சிஸ்டம், அக்டிவேஷன் என்று போங்கள். டிஜிட்டல் லைசன்ஸ் என்று இருந்தால் நல்லது. வீட்டு லப்டொப்பில் 'உங்கள் நிறுவனத்தின் அக்டிவேஷன் சேவை மூலம்' என்ற பொருளில் ஏதும் இருந்தால் அது கிராக் என்று நினைத்துக்கொள்ளலாம். இனிமேல் வாங்கப் போகிறவர்கள், கடையில் "ஒன்றும் போட வேண்டாம், டொஸோடயே தாங்கோ" என்று கேளுங்கள். தருவார்கள்.

முதலில் விண்டோஸிலேயே துடைப்பது

செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் இன்ஸ்டோல்ட் ஆப்ஸ். பட்டியலைத் திகதிப்படி ஒழுங்குபடுத்துங்கள். நீங்கள் வாங்குவதற்கு முந்திய திகதியில் கூட்டமாக ஏறியிருப்பவைதான் நாங்கள் தேடுகிற ஆட்கள். காசு கேட்கும் அன்ரிவைரஸை முதலில் கழற்றுங்கள். பயப்படத் தேவையில்லை, அது போனதும் விண்டோஸுடனேயே வரும் டிஃபென்டர் தானாக எழும்பிவிடும், வீட்டுப் பாவனைக்கு அது போதும். மக்காஃபி போன்றவை சாதாரணமாகக் கழற்றினாலும் துண்டு துண்டாக மிஞ்சும், அதற்கு அந்தக் கம்பனியே தரும் அகற்றும் கருவியை அதன் சொந்தத் தளத்தில் இருந்து எடுத்து ஓட்டுங்கள். பிறகு விளையாட்டுகள், கடைகள், குறுக்குவழிகள், விபிஎன் சோதனைப் பதிப்புகள்.

தொடக்கூடாதவையும் உண்டு. இன்டெல், ஏஎம்டி, என்விடியா, ரியல்டெக் என்று பெயர் தொடங்குபவை பெரும்பாலும் டிரைவர்கள், அதாவது உள்ளே இருக்கும் வன்பொருளை இயக்குபவை. விஷுவல் சி பிளஸ் பிளஸ், வெப்வியூ என்று இருப்பவை மற்ற மென்பொருள்களுக்குத் தேவையானவை. பெயர் தெரியாத ஒன்றைக் கண்டால் அழிக்க முதல் அதன் பெயரைக் கூகிளில் போட்டுப் பாருங்கள்.

கழற்ற மனமில்லாதவற்றைத் தொடக்கத்தில் ஓடாமல் மட்டும் நிறுத்தலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து, ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பகுதியில் வேண்டாதவற்றை டிசேபிள் செய்யுங்கள். அப்புறம் பிரவுசர். திரையின் மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று அடிக்கடி எட்டிப் பார்க்கும் பெட்டி பெரும்பாலும் வைரஸே கிடையாது, என்றைக்கோ ஒரு தளத்துக்குக் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதி. குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறந்து தெரியாத தளங்களை எல்லாம் நீக்கினால் அது நின்றுவிடும்.

யூடியூபில் 'ஒரே கிளிக்கில் விண்டோஸைச் சுத்தமாக்கும்' ஸ்கிரிப்ட் என்று கன வீடியோ கிடைக்கும். புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். அப்டேட் வேலை செய்யாமல் போகும், ஸ்டோர் திறக்காது, எதனால் என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் திருப்தி இல்லை என்றால், மைக்ரோசொப்டின் மீடியா கிரியேஷன் டூலை அவர்களுடைய தளத்தில் எடுத்து விண்டோஸைப் புதிதாக ஏற்றலாம். உரிமத்தோடு வந்த லப்டொப் என்றால் சாவி தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும், விண்டோஸ் 8 காலத்தில் இருந்து அப்படித்தான், அதனால் மறுபடி காசு கேட்காது. 'ரீசெட் திஸ் பிசி' செய்தால் கம்பனியின் குப்பை சிலவேளை திரும்பவும் வந்துவிடும். புதிதாக ஏற்றினாலும் சில கம்பனிகள் பயோஸில் (விண்டோஸ் எழும்ப முதல் ஓடும், தாய்ப்பலகையில் இருக்கும் மென்பொருள்) இருந்தே தங்கள் மென்பொருளை விண்டோஸுக்குள் தள்ள முடியும், அதற்கான வாசலை விண்டோஸே வைத்திருக்கிறது. அந்த வாசல் லினக்ஸில் இல்லை.

யார் லினக்ஸுக்கு மாற வேண்டும்

விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8 ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எங்கள் ஊரில் கைமாறி ஓடுகிற 4 ஆம், 5 ஆம், 6 ஆம் தலைமுறை ஐ3, ஐ5 லப்டொப்புகள் எல்லாம் வெளியே நிற்கின்றன. மெஷினில் ஒரு பழுதும் கிடையாது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு இன்றைய விலைக்குப் புதிது வாங்கச் சொல்வது எனக்கு மனமொப்பாத விஷயம். அப்படிப்பட்ட லப்டொப் உங்களிடம் இருந்தால் நீங்கள்தான் முதல் ஆள்.

என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இணையம், யூடியூப், சூம், பிரவுசரில் வட்ஸ்அப், கடிதம், கணக்குத் தாள், பாட்டு, படம், ஏ.எல் பாடத்துக்கான பைதன், எச்டிஎம்எல், எஸ்கியூஎல் எல்லாம் லினக்ஸில் நன்றாக நடக்கும், நிரல் எழுதுகிற பிள்ளைக்கு அது கூட வசதியும். போட்டோஷொப், கோரல்டிரோ, பேஜ்மேக்கர், ஓட்டோகாட் ஒழுங்காக ஓடாது. அச்சகத்திலோ ஸ்டூடியோவிலோ வேலை என்றால் விண்டோஸை வைத்திருங்கள். மைக்ரோசொப்ட் ஒஃபிஸுக்குப் பதில் லிப்ரேஒஃபிஸ் வரும், வேர்ட் கோப்பைத் திறக்கும், ஆனால் அட்டவணைகள் கொஞ்சம் இடம் மாறலாம், ஆகவே வெளியே அனுப்புவதைப் பிடிஎஃபாக அனுப்புங்கள். வலோரன்ட் விளையாடுகிற பெடியள் ஏமாறுவார்கள், அது ஓடவே ஓடாது.

எந்த லினக்ஸ் என்று கேட்டால் லினக்ஸ் மின்ட் என்பேன், அதற்கு மேல் தேட வேண்டாம். மெனு, கீழ்ப்பட்டை எல்லாம் விண்டோஸில் பழகிய கைக்கு ஒத்துவரும். 4 ஜிபி அல்லது கூடுதல் ராம் என்றால் சின்னமன் பதிப்பு, அதற்குக் குறைவென்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். முற்றாக இலவசம்.

கையில் கொஞ்சம் காசு இருந்தால் முதலில் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். வேறெந்த மாற்றமும் பழைய லப்டொப்புக்கு அவ்வளவு வேகம் தராது.

ஆயத்தம்

இந்தப் பகுதியில்தான் நிறையப் பேர் அவசரப்படுவார்கள். படங்கள், சான்றிதழ் ஸ்கேன்கள், ரியூசன் குறிப்புகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றிலோ கூகிள் டிரைவிலோ கொப்பி செய்யுங்கள். கொப்பி செய்த பிறகு வேறொரு கணினியில் அல்லது போனில் திறந்து பாருங்கள்.

அடுத்தது பிட்லொக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் வசதி. புதிய விண்டோஸ் 11 லப்டொப் பலவற்றில் டிஸ்க் உங்களைக் கேட்காமலே பூட்டப்பட்டிருக்கும். பயோஸில் எதையாவது மாற்றினால் 48 இலக்கச் சாவி கேட்டு நிற்கும், அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கோப்புகள் போனதுதான். ஆகவே முதலிலேயே உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கின் தளத்தில் ரிகவரி கீயை எடுத்துக் கொப்பியில் கையால் எழுதி வையுங்கள். பிறகு செட்டிங்ஸில் பிரைவசி அன்ட் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷனை நிறுத்துங்கள். பூட்டுத் திறந்து முடிய நேரம் எடுக்கும், முடியும் வரை பொறுங்கள். கன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸுக்குள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்துங்கள்.

மின்ட் கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி வரும். போன் டேட்டாவில் இறக்கினால் கைகடிக்கும், உங்கள் பக்கேஜில் இரவு நேர டேட்டா இருந்தால் அதில் போட்டுவிட்டுப் படுங்கள். மின்டின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கள், பட்டியலில் பக்கத்து நாட்டு மிரரை, அதாவது அதே கோப்பை வைத்திருக்கும் தளத்தைத் தேர்ந்தால் வேகமாக வரும். இறங்கியதும் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட வேண்டும். 2016 பெப்ரவரியில் மின்டின் தளத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, 17.3 சின்னமன் பதிப்பின் இணைப்பைப் பின்வாசல் வைத்த கோப்புக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அதனால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ரூஃபஸ் என்ற சின்ன இலவச மென்பொருளில் கோப்பைத் தெரிவு செய்து, பக்கத்தில் இருக்கும் செக்சம் பொத்தானை அழுத்தினால் நீண்ட எண்கள் சில வரும். அவற்றில் எஸ்எச்ஏ 256 என்று இருப்பது மின்டின் தளத்தில் உள்ள எஸ்எச்ஏ 256 எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

அதே ரூஃபஸால் 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மின்டை எழுதுங்கள். அந்தப் பென்னில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும், ஆகவே பிள்ளையின் ப்ரொஜெக்ட் இருக்கும் பென்னை எடுக்காதீர்கள்.

ஏற்றாமல் ஓட்டிப் பார்ப்பது

பென்னைச் செருகி லப்டொப்பை நிறுத்தி மறுபடி போட்ட உடனேயே, எதில் இருந்து எழும்புவது என்று கேட்கும் பூட் மெனுவின் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். எச்பி என்றால் எஃப்9, டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஆசஸ் லப்டொப்புக்கு எஸ்கேப், ஏசருக்கும் எஃப்12தான், ஆனால் ஏசரில் முதலில் எஃப்2 அழுத்திப் பயோஸுக்குள் போய் அதை இயக்க வேண்டி இருக்கலாம். வரும் பட்டியலில் உங்கள் பென்னைத் தெரிவு செய்தால் கொஞ்ச நேரத்தில் மின்ட் திரை வரும். டிஸ்க்கில் ஒன்றும் மாறவில்லை, எல்லாம் பென்னில் இருந்துதான் ஓடுகிறது, அதனால் கொஞ்சம் மந்தமாக இருக்கும்.

இங்கே ஒரு பின்னேரம் செலவழியுங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, கமரா, டச்பாட், வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசைகள், மூடித் திறந்தால் திரை திரும்ப வருகிறதா, எல்லாம் பாருங்கள். பிரிண்டரையும் கட்டாயம் இணைத்துப் பாருங்கள். எச்பி, எப்சன் பெரும்பாலும் தொல்லை தராது. கனன் எல்பிபி 2900 போன்ற பழைய லேசர்கள் தனி டிரைவர் கேட்கும், புதியவர்களுக்கு அது தலையிடி. வைஃபை பிடிக்காவிட்டால் மனம் விடாதீர்கள், அன்ட்ரொயிட் போனை யூஎஸ்பி வயரால் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் இணையம் வந்துவிடும், ஏற்றிய பிறகு டிரைவர் மனேஜர் வைஃபைக்கான டிரைவரைத் தேடித் தரும்.

ஏற்றுவது

லப்டொப் என்றால் சார்ஜரோடு, டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ்ஸோடு. நடுவில் கரண்ட் போனால் டிஸ்க் குழம்பிவிடும்.

இரண்டு வழி. விண்டோஸையும் வைத்திருப்பதென்றால், முதலில் விண்டோஸுக்குள்ளேயே டிஸ்க் மனேஜ்மென்டைத் திறந்து சி டிரைவைச் சுருக்கி 50 ஜிபியாவது வெறுமையாக விடுங்கள், பிறகு மின்டில் 'விண்டோஸுக்குப் பக்கத்தில் ஏற்று' என்பதைத் தெரிவு செய்யுங்கள். விண்டோஸே வேண்டாம் என்றால் 'டிஸ்க்கை அழித்து ஏற்று'. அது விண்டோஸோடு டி டிரைவையும் சேர்த்து அழிக்கும். டி டிரைவில் இருப்பது தப்பும் என்று நினைத்துப் படங்களைப் பறிகொடுக்க வேண்டாம்.

மேசைத்தளத்தில் உள்ள 'இன்ஸ்டோல் லினக்ஸ் மின்ட்' படத்தை இரண்டு தரம் சொடுக்கினால் கேள்விகள் வரும். மொழியில் தமிழும் இருக்கிறது, ஆனால் பிரச்சினை வந்து இணையத்தில் தேடும்போது ஆங்கிலச் சொற்கள்தான் கைகொடுக்கும், ஆகவே முதல் தடவைக்கு ஆங்கிலமே நல்லது என்பது என் அபிப்பிராயம். மல்டிமீடியா கோடெக்ஸ் பெட்டியில் சரி போடுங்கள், நேர வலயத்துக்குக் கொழும்பு. செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழும்ப விடும் பாதுகாப்பு) இருந்தால் ஒரு கடவுச்சொல் கேட்கலாம், அதை எழுதி வையுங்கள், மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்றில் ஒரே ஒரு தடவை கேட்கும்.

ஏற்றும் இடத்தில் டிஸ்க்கே காட்டவில்லை என்றால், அனேகமாகப் பயோஸில் டிஸ்க்கைக் கையாளும் முறை இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி ஆக இருக்கும். அதைச் சாதாரண ஏஎச்சிஐ முறை ஆக்கினால் டிஸ்க் தெரியும், ஆனால் அப்படியே மாற்றினால் பழைய விண்டோஸ் எழும்பாமல் போகலாம். விண்டோஸை வைத்திருக்கிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்தி, தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுவிட்டுத் தொடருங்கள்.

ஏற்றிய பின்

முதல் வேலை டைம்ஷிஃப்ட். மெனுவில் தேடித் திறந்து ஒரு ஸ்னப்ஷொட் எடுத்து வையுங்கள், நாளைக்கு ஏதாவது குழம்பினால் இன்றைய நிலைக்கே திரும்பலாம். உங்கள் படங்களையும் கோப்புகளையும் அது காப்பாற்றாது, அதற்கு வெளி டிஸ்க்தான். பிறகு அப்டேட் மனேஜர், அதன் பிறகு டிரைவர் மனேஜர். மென்பொருள் வேண்டுமென்றால் சொப்ட்வெயர் மனேஜரில் தேடுங்கள், இணையத்தில் கண்ட கண்ட இடத்தில் இறக்குகிற பழக்கத்தை விண்டோஸோடு விட்டுவிடுங்கள்.

தமிழ் எழுத்து. கீபோர்ட் செட்டிங்ஸில் லேஅவுட்டுக்குள் இலங்கைத் தமிழ் என்றே ஒன்று இருக்கிறது, தமிழ்நெட் 99 முறை. அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டிப் பழகியவர்களும் ரெங்கநாதன் விசைப்பலகை பழகியவர்களும், சொப்ட்வெயர் மனேஜரில் ஐபஸ் எம்17என் என்பதை ஏற்றி, இன்புட் மெதட் கருவியில் ஐபஸைத் தெரிவு செய்து, ஒரு தடவை வெளியேறி உள்ளே வந்தால் இரண்டும் கிடைக்கும்.

பாமினியில் கிடக்கும் பழைய கோப்புகள்தான் எங்கள் வீடுகளில் கூட. கோயில் நோட்டீஸ், சங்கக் கடிதம், பழைய வினாத்தாள் எல்லாம் அதில்தான். பாமினி என்பது எழுத்துரு மட்டும், ஆகவே விண்டோஸில் இருந்த அந்த ஃபொன்ட் கோப்பை மின்டில் இரண்டு தரம் சொடுக்கி ஏற்றினால் லிப்ரேஒஃபிஸில் அப்படியே தெரியும், ஆங்கில விசைப்பலகையை வைத்து முன்பு தட்டியது போலவே தட்டவும் முடியும். புதிதாக எழுதுவதை மட்டும் யூனிகோடில் எழுதுங்கள், தேடினால் அகப்படும், போனிலும் தெரியும்.

இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு, மின்டில் இருந்து விண்டோஸுக்குப் போனால் சிலவேளை நேரம் ஐந்தரை மணித்தியாலம் பிந்திக் காட்டும். லினக்ஸ் உள்கடிகாரத்தைக் கிரீன்விச் நேரத்தில் வைப்பதும் விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக எடுப்பதும்தான் காரணம், மெஷினில் பழுது இல்லை. விண்டோஸின் நேர செட்டிங்ஸில் சிங்க் நவ் அழுத்தினால் சரி.

ஒரு தவணை முழுக்க விண்டோஸ் பக்கமே போகவில்லை என்று கண்டால், மின்ட் பென்னில் இருந்து மறுபடி ஏறி, டிஸ்க்கின் பகுதிகளை மாற்றும் கருவியான ஜிபார்ட்டட்டைத் திறந்து விண்டோஸ் இருக்கும் என்டிஎஃப்எஸ் பகுதியை அழித்து, அந்த இடத்தைக் கோப்புகள் வைக்க எடுத்துக்கொள்ளலாம். முன்னால் இருக்கும் ஃபாட்32 இஎஃப்ஐ பகுதி சின்னதாக, சில நூறு எம்பி அளவில் இருக்கும், அதை மட்டும் தொடாதீர்கள், மின்ட் எழும்புவதும் அதில் இருந்துதான்.